கழுவினாச் சரி

கல்லடிப் பக்கம் பெரிய வீதியில் ஒரு கார் வாகை மரத்தில் மோதி நின்றது. அம்மாவின் மருந்தை வாங்கிக்கொண்டு நானும் அத்தானும் வந்துகொண்டிருந்தோம். அத்தான் எங்கள் காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கி ஓடினார். சனம் கூடியிருந்தது. யாரையோ தூக்கி முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இறங்கப் பயம். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தவர், முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைக் கைலேஞ்சியால் தட்டிக்கொண்டே சொன்னார்.

"முன்னுக்கு ரெண்டும் தப்பிற்று புள்ள. ஒரு கீறல் இல்ல."

"கடவுளே" என்று நெஞ்சில் கை வைத்தேன். "பின்னுக்கு இருந்த ஆக்கள்?"

"பின்னுக்கு ஒண்டு வளைஞ்சிற்று. மத்தது நல்லாத்தான் இரிக்கி."

வளைந்துவிட்டது என்று மனிதரைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அப்போதுதான் விளங்கியது. அவர் சொன்னது சில்லுகளுக்கு மேலே நின்று குலுக்கலைத் தாங்குகிற சொக் அப்சோபர்களை. முழங்காலில் மண் ஒட்டியது, காயப்பட்ட மனிதரைத் தூக்கக் குனிந்ததால் இல்லை. வண்டிக்குக் கீழே எட்டிப் பார்க்கக் குனிந்ததால்.

அத்தான் என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. பெயரை எழுதப்போவதில்லை. அக்காவின் இரண்டு பிள்ளைகளும் அந்தப் பெயரைத்தான் தங்கள் பெயருக்கு முன்னால் போட்டு எழுதுகிறார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு. முன் வீடு அக்காவுக்குச் சீதனம். பின் வீட்டில் நானும் அம்மாவும். வளவு ஒன்று, கிணறு ஒன்று. அத்தான் கல்யாணம் கட்டி அந்த வளவுக்கு வந்த மனிதர். அரச அலுவலகமொன்றில் கிளாக்கர். கறாஜ் எதிலும் வேலை பழகியவர் இல்லை. ஆனால் ஒரு பழைய ஜப்பான் கார் வைத்திருந்தார். அதற்கு என்ன நோய் வந்தாலும் தானே பார்ப்பார்.

அவரைப் போலத் துப்புரவான ஆம்பிளையை நான் கண்டதில்லை. நகத்துக்குள் ஊத்தை இருக்காது. மூன்று மணி நேரம் காருக்குக் கீழே கிடந்துவிட்டு எழும்பினால், மண்ணெண்ணெயால் ஒருதரம், சவர்க்காரத்தூளால் ஒருதரம், பிறகு வாசனைச் சவர்க்காரத்தால் ஒருதரம் கை கழுவுவார். கழுவின கையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் துவாயைத் தொடுவார். எங்கிருந்தோ கழற்றி வந்த சாமான்களையும் அப்படித்தான். கிணற்றடியில் பெரிய தாச்சியில் ஊறப்போட்டு, பல்லுத் தூரிகையால் தேய்த்து, அம்மா மிளகாய் காயப்போடுகிற பாயிலேயே வரிசையாக அடுக்கிக் காயவைப்பார். அம்மா முகத்தைச் சுளித்தால் சிரிப்பார்.

"சாமானுக்கு என்ன மாமி ஊத்தை? கழுவினாச் சரி."

எல்லாவற்றுக்கும் அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான். நாற்றமெடுத்த மீனுக்கும் அது, சந்தையில் வாங்கின பழைய சப்பாத்துக்கும் அது. ஆரம்பத்தில் நாங்களும் சேர்ந்து சிரித்திருக்கிறோம். அக்காவின் சின்னவன் சோற்றைக் கீழே கொட்டிவிட்டு அதைச் சொல்லிக் காட்டுவான். வீடே சிரிக்கும்.

அந்தச் சிரிப்பு எனக்கு நின்றது அப்பா செத்த கிழமை.

அப்பா கடைசி ஐந்து மாதம் படுக்கையில். முதுகெல்லாம் புண். காடாற்றிவிட்டு வந்த பிறகு அவருடைய மெத்தையை எரிப்பதற்காகப் பின்வேலியோரம் போட்டிருந்தோம். அடுத்த நாள் காலை போய்ப் பார்த்தால் மெத்தையின் நாலு மூலையும் இல்லை. கத்தியால் நேர்கோடு பிடித்தது போல வெட்டியெடுத்திருந்தது. நடுப்பகுதி மட்டும், அப்பாவின் உடம்பு கிடந்து பதிந்த குழியோடு, கறையோடு அப்படியே கிடந்தது. அத்தான் கிணற்றடியில் ஸ்பொஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"என்ன அத்தான் இது?"

"ட்ரைவர் சீற்றுக்கு ஸ்பொஞ்ச் இறங்கிற்று புள்ள. இப்ப இந்தக் குவாலிற்றி எங்க கிடைக்கப்போகுது?"

"இது அப்பாட மெத்தை."

"நடுவிலதானே மாமா படுத்தவர்" என்றார், என்னைத் தேற்றுகிற குரலில். "மூலை நாலும் புதுசு மாதிரிக் கிடந்திச்சி."

நான் ஓடிப்போய் வாழையடியில் சத்தி எடுத்தேன். அக்காவிடம் சொன்னபோது அவள் சீலை மடித்துக்கொண்டிருந்தாள். "வீசுற சாமானை மனிசன் வீணாக்காமப் பாவிக்கிறார். அதுக்கும் உனக்குக் குத்தமா?" என்று கேட்டாள். முப்பத்தோராம் நாள் வந்தவர்கள் எல்லாரும் மருமகனின் பொறுப்பைத்தான் மெச்சினார்கள். பந்தலுக்குக் கதிரைகள் கொண்டு வந்ததும் அவர், சாப்பாடு பரிமாறியதும் அவர். அதுவும் உண்மைதான். அவர் ஒருநாளும் சோம்பேறியாக இருந்ததில்லை. யாரையும் பெரிய சத்தத்தில் ஏசியதில்லை. அம்மாவுக்கு நெஞ்சு அடைத்த நாளில் பெற்றோல் வரிசையில் விடிய விடிய நின்று எண்ணெய் எடுத்து வந்தவரும் அவர்தான்.

வாகன இறக்குமதியை நிறுத்திவைத்திருந்த காலம் அது. புதுக்கார் வராது. ஊரில் இருக்கிற பழைய கார்கள் பொன்னாகிவிட்டன. "புதுசு வராட்டி நான் இதையே புதுசாக்கிறன் பாருங்க" என்று அத்தான் தொடங்கினார். காத்தான்குடியில் நொறுங்கின வாகனங்களை வாங்கி, சாமான்களைக் கழற்றி விற்கிற ஒரு முதலாளி இருந்தார். அலுவலகம் விட்டால் அத்தான் அங்கேதான். முன் சொக் இரண்டு, பின் சொக் இரண்டு, ஸ்பிரிங், சில்லைத் தாங்குகிற ஆம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றையும் கழுவி, காயவைத்து, துடைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டினார்.

பொய் சொல்லக்கூடாது. கார் மாறித்தான் போனது. முதலில் கொக்கட்டிச்சோலைக்குப் போனால் முதுகெலும்பைத் தனியாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு போவது போல இருக்கும். இப்போது பள்ளத்தில் இறங்கினாலும், வாவியில் வள்ளம் மெல்ல அசைவது போல ஒரு அசைவு, அவ்வளவுதான். நான் பின்னால் சாய்ந்திருந்து அதை அனுபவித்தேன். எங்கேயோ, யாரையோ தூக்கிக்கொண்டு போன பிறகு அநாதையாக நின்ற வண்டியின் எலும்புகள் இவை என்று நினைக்கவில்லை. நினைக்காமல் இருப்பது லேசாக இருந்தது.

கழற்றின பழைய சாமான்கள் வாழையடியில் கிடந்தன. ஒருநாள் அத்தான் அதிலொன்றை எடுத்து எனக்குக் காட்டினார். முன் சில்லை வண்டியோடு சேர்த்துப் பிடிக்கிற குண்டு மூட்டு. போல் ஜொயின்ற் என்பார்கள். எங்கள் தோள்மூட்டு போல ஒரு கிண்ணத்துக்குள் ஒரு குண்டு. மேலே ஒரு றப்பர் தொப்பி. தொப்பி கிழிந்து மண்ணும் தண்ணியும் உள்ளே போனால் குண்டு தேயும், தேய்ந்தால் ஒருநாள் கழன்றுபோகும், கழன்றால் ஓட்டத்திலேயே சில்லு மடியும். இவ்வளவும் எனக்குச் சொல்லித்தந்தவர் அவர்தான்.

"பாத்தியா, ஆடுற பல்லு மாதிரி" என்று விரலால் ஆட்டிக் காட்டினார். "இதோடதான் நாம இவ்வளவு நாளும் ஓடியிரிக்கம். கடவுள் காப்பாத்தினது."

இரண்டு கிழமை கழித்து அந்தக் குண்டு மூட்டை அம்மாவின் பாயில் கண்டேன். கறுப்புப் பெயின்ற் அடித்துப் பளபளவென்று இருந்தது. றப்பர் தொப்பியின் கிழிசல் தெரியாமல் பசை போட்டு ஒட்டியிருந்தது. உள்ளே தடித்த கிறீஸ் அமத்தியதால் இப்போது ஆடவில்லை. எதற்கென்று நான் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து ஒரு ஹயர் கார்காரர், வாடகைக்கு ஆள் ஏற்றுகிறவர், வந்தார். எங்களுடையதைப் போலவே கார், அதே வயது. வாவிக்கு அக்கரையில் படுவான்கரை ஊர்களில் பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, கிளினிக் எதுவென்றாலும் அவருக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். எனக்கும் அவரைத் தெரியும். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தபோது வந்து தூக்கிப்போனவர் அவர். தன் காருக்கு முன் சீற் இரண்டும் புதிய மாதிரிக் காரொன்றில் இருந்து வாங்கிப் போட்டிருந்தார். பின்னால் முழுக்கச் சாயும். நோயாளிகள் படுத்துக்கொண்டு வரலாம். அத்தான் அதில் ஏறி இருந்து, சாய்ந்து, எழும்பி, மறுபடி சாய்ந்து பார்த்தார்.

"அருமையான சீற் தம்பி. குடுக்கிறதெண்டா எனக்கிட்டச் சொல்லு."

"ஐயோ அண்ணன், இது என்ட நோயாளிமாருக்கு" என்று அவர் சிரித்தார்.

நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது மூட்டு அவர் கையில் இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணன், இது நம்பிப் போடலாமா? நான் ஆக்களை ஏத்திறவன்."

"கொழும்பில இருந்து வந்த சாமான் தம்பி. ஜப்பான் கழட்டு. ஒரு வயசான டொக்டர்ர கார்ல கிடந்தது. நானே பூட்டித் தாறன், வா."

டொக்டர் என்று அவர் சொன்ன விதத்தில், கண்ணாடி போட்ட ஒரு வயசானவர் மெதுவாகக் கார் ஓட்டிப்போவது எனக்கே தெரிந்தது. வாழையடியில் கிடந்ததை என் கண்ணால் கண்டிருந்தும் தெரிந்தது. கார்காரர் என்னைப் பார்த்து "சீனி கணக்கா இரிக்கி டீச்சர்" என்றார். நான் தலையாட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வெளியே அத்தான் சில்லைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. போய்ச் சொல்லலாம் என்று ஒருதரம் எழும்பினேன். அக்காவின் முகம் ஞாபகம் வந்தது. இருந்துவிட்டேன்.

அந்த மூட்டுக்குப் பதிலாகக் கார்காரர் தந்தது தன் வயல் வட்டையில் விளைந்த அரிசி, இரண்டு மூட்டை. நல்ல அரிசி. நாங்கள் எல்லாரும் சாப்பிட்டோம்.

ஐந்தாறு மாதம் போயிருக்கும். ஆசுபத்திரியில் இருந்து ஒரு கிழவியை ஏற்றிக்கொண்டு மண்முனைப் பாலம் கடந்து போகும்போது, பாலத்துக்கு அங்கால் வளைவில், அந்தக் கார் தடம் மாறி கண்டல் பற்றைக்குள் இறங்கியது. கிழவிக்கு இடுப்பு முறிந்தது. கார்காரர் மூன்றாம் நாள் ஆசுபத்திரியில் செத்துப்போனார். வேகமாக ஓடினார் என்றுதான் ஊரெல்லாம் கதை.

அத்தான் வெள்ளைச் சேட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு சாவீட்டுக்குப் போனார். வந்து, குளித்து, சாப்பிட இருந்தார்.

"நல்ல பொடியன். ஆனா கால் கொஞ்சம் பாரம். அந்த வளைவில அப்பிடி ஓடலாமா?"

நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது ஒன்று, கண்ணில் ஒரு அசைவு, கை நடுங்குவது, ஒரு வாய் சோறு இறங்காமல் நிற்பது, ஏதாவது. அவர் குழம்பு கேட்டார். இரண்டாம் தரமும் கேட்டார்.

மூட்டு கழன்றுதான் சில்லு மடிந்தது என்று எனக்கு அப்போது நிச்சயமாகத் தெரியாது. தெரியாது என்பதைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் பள்ளிக்கூடம் போய் வந்தேன்.

ஒருநாள் பின்னேரம் நான் வீட்டுக்கு வர, கிணற்றடியில் இரண்டு சீற் கிடந்தன. உறை உரித்துப் போட்டிருந்தது. வெறும் ஸ்பொஞ்சும் கம்பியும். அத்தான் காற்சட்டையை மடித்துக்கொண்டு, சவர்க்காரத்தூள் போட்டுத் தென்னந்தும்பால் தேய்த்துக்கொண்டிருந்தார். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். ஸ்பொஞ்சைக் காலால் மிதிக்க, தேத்தண்ணிச் சாயம் போல ஒரு தண்ணீர் வழிந்து வாழைப் பாத்திக்குள் ஓடியது. அடுத்த நாள் வெயிலில் அதிலிருந்து ஒரு மணம் கிளம்பியது. மீன் சந்தையில் மத்தியானத்துக்குப் பிறகு நிற்குமே, அதற்குள் சவர்க்கார வாசனையையும் கலந்தது போல. இலையான் மொய்த்தது. "பழைய சீற் அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு இன்னொரு தரம் கழுவினார். மூன்று நாள் காயவைத்து, புது உறை தைப்பித்துப் போட்டு, காரில் பூட்டினார்.

அடுத்த கிளினிக் நாளில் அம்மாவை முன் சீற்றில் ஏற்றினார். கம்பியை இழுத்துப் பின்னால் சாய்த்துவிட்டார்.

"எப்பிடி மாமி?"

"நல்ல சொகுசா இரிக்கி மனே" என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டா. போகும்போதும் வரும்போதும் அதிலேயே நித்திரை.

இரண்டு நாள் கழித்துக் காத்தான்குடி முதலாளி மோட்டார்சைக்கிளில் வந்தார். அத்தான் இல்லை. அக்கா பிள்ளைகளோடு வகுப்புக்குப் போயிருந்தாள். முதலாளி கேற்றுக்கு வெளியிலேயே நின்றார்.

"சேர் இல்லயா டீச்சர்? சீற்ற சாய்க்கிற கைபிடி ஒண்டு நம்மட இடத்துல விழுந்து கிடந்த. இதைக் குடுத்துருங்க."

வாங்கிக்கொண்டேன். அவர் போகாமல் தலைக்கவசத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

"சேர் உங்களுக்கிட்டச் சொன்னாரா, அது ஆருட வாகனம் எண்டு?"

"இல்லயே."

"மௌத்தான மனிசன்ட காரு டீச்சர். அந்தப் பாலத்தடியில அடிபட்டாரே, கொக்கட்டிச்சோலை ஹயர்காரர். அவர்ர பெஞ்சாதி ஆக்கள் இரும்பு விலைக்குத்தான் தந்த. நான் சேருக்குச் சொன்ன, சீற்ற எடுக்காதீங்க, அதுல மனிசன்ட ரத்தம் ஊறிக் கிடக்கு, அதை நான் எரிக்கத்தான் வெச்சிருக்கன் எண்டு. கேக்கல்ல. நான் ஓம் எண்டும் வரைக்கும் அங்கயே நிண்டார்."

என் கையில் இருந்த கைபிடி வழுக்கியது. அவர் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார்.

"அந்த மனிசன் ஸ்பீட்டுல போனதெண்டு கதைக்காங்க. பொய். முன் சில்லுட மூட்டக் கழட்டி நான் என்ட கண்ணால பாத்த. தேஞ்ச சாமான். கிழிஞ்ச றப்பருக்குப் பசை ஒட்டி, கறுப்புப் பெயின்ற் அடிச்சி, ஆரோ ஒருத்தன் வித்திருக்கான். அது கழண்டுதான் சில்லு மடிஞ்சிருக்கு. எவன் செஞ்சானோ, அவனை அல்லாஹ் பாத்துக்கொள்ளட்டும்."

"அந்த மூட்டு இப்ப எங்க?"

"அதையும் சேர்தான் கேட்டு வாங்கிட்டுப் போன" என்றார் முதலாளி. சொன்ன பிறகு, ஏன் என்று அவருக்கே ஒரு யோசனை வந்தது போல என் முகத்தைப் பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பினார்.

அன்று அத்தான் வேலையால் வந்ததும் காருக்குக் கீழே இறங்கினார். கால் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன. குதிக்கால் வெள்ளையாக, வெடிப்பில்லாமல், பிள்ளையின் கால் போல இருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"சீற் ரெண்டும் அந்தத் தம்பிட காரிலயா கழட்டின நீங்கள்?"

கீழே இருந்து குரல் வந்தது. "ஆரு சொன்ன? முதலாளியா? ஓம். அவனுக்கு இனி எதுக்குப் புள்ள?"

"அம்மாவை அதில படுக்க வெச்சிங்களே."

"மூண்டு தரம் கழுவினன். நீயே பாத்தாய்தானே."

"அந்த ஜொயின்ற் எங்க?"

சாவி திருகுகிற சத்தம் நின்றது. பிறகு மெல்ல வெளியே வந்து, எழும்பி இருந்து, துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"அது வாவிக்குள்ள. உடைஞ்ச சாமானை நான் ஒருநாளும் விக்க மாட்டன். அது உனக்குத் தெரியும்."

அவர் பகிடி விடவில்லை. தன் நேர்மையைப் பற்றித்தான் என்னிடம் சொன்னார்.

"கழட்டேக்க அது ஆடினது. எனக்கு நீங்களே காட்டின நீங்கள்."

"எல்லாச் சாமானும் கொஞ்சம் ஆடும் புள்ள. அவன் ஒழுங்கா ஓடியிருந்தா அது இன்னும் ரெண்டு வருசம் கிடந்திருக்கும்." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "நீயும் பாத்துக்கொண்டுதானே இருந்த. அண்டைக்கு ஒண்டும் சொல்லல்லயே."

அவர் மிரட்டவில்லை. மெதுவாக, ஒரு கணக்கைச் சரிபார்ப்பது போலச் சொன்னார். அந்த இடத்தில் எனக்கு வந்த அருவருப்பு அவர்மேல் மட்டும் வரவில்லை. குளித்தேன். மறுபடி குளித்தேன். தலையைத் துவட்டும்போது, நானும் அவரைப் போலக் கழுவிக்கொண்டிருக்கிறேன் என்று பட்டது. துவாயைக் கீழே போட்டுவிட்டேன்.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி மண்முனைப் பாலம் கடந்து போனேன்.

கார்காரரின் வீடு வட்டை ஓரம். மனைவி என்னைவிட இளம் பெண். பள்ளிக்கூடத்தில் இருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கதிரையைத் துடைத்துப் போட்டாள். மகளைப் பற்றிக் கேட்க வந்ததாக நினைத்து, "அவள் இப்ப பள்ளிக்குப் போக மாட்டன் எண்டு நிக்காள் டீச்சர். வேகக்காரன்ட மகள் எண்டு பொடியனுகள் சொல்றானுகளாம்" என்றாள். இடுப்பு முறிந்த கிழவியின் மகன் இரண்டு தரம் வாசலில் வந்து நின்று கத்திவிட்டுப் போயிருக்கிறான். கிழவியைக் கொல்லப் பார்த்தவன் என்று.

நான் இருந்த இருப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். ஆடின மூட்டு, பசை, பெயின்ற், அன்று அவர் கேட்ட கேள்வி, அத்தான் சொன்ன டொக்டர் கதை, நான் உள்ளே போய் இருந்தது. சீற்றைப் பற்றியும் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அடிப்பாள், மண்ணள்ளி எறிவாள் என்று ஒரு பக்கம் காத்திருந்தேன். அடித்தால் நல்லது என்றும் இருந்தது.

அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப அவர் வேகமா ஓடல்லயா?"

"இல்ல தங்கச்சி. சில்லு மடிஞ்சதுதான்."

"வேகமா ஓடல்லயா டீச்சர்?"

"இல்ல."

அவள் நிலத்தில் குந்தினாள். சீலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"நானும் அவரைத்தான் ஏசினன். பெட்டிய மூட முதல் குனிஞ்சி காதுக்குள்ள ஏசினன். என்ன அவசரம் உங்களுக்கு, எங்களை விட்டுட்டு என்ன அவசரம் எண்டு கேட்டன். எல்லாரும் நான் கொஞ்சிறன் எண்டு நினைச்சாங்க."

அதற்குப் பிறகு எழும்பி, முகத்தைத் துடைத்து, பக்கத்து வளவைப் பார்த்துக் கூப்பிட்டாள். "மாமி! இஞ்ச ஓடி வாங்க. இவர் வேகமா ஓடல்லயாம்!" குரல் உடைந்தாலும் பெரிய சத்தமாகத்தான் கூப்பிட்டாள். அங்காலிருந்து ஒரு மனுசி நடக்க முடியாமல் நடந்து வந்தா. அவவுக்கும் நான் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு வந்தவர்களுக்கும் சொன்னேன். கிழவியின் மகனுக்கு ஆள் அனுப்பி அழைப்பித்து, அவனுக்கும் சொல்ல வைத்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டு, போகும்போது கார்காரரின் படத்துக்கு முன்னால் போய் நின்றான்.

பொலிசிலும் போய்ச் சொன்னேன். முதலாளியும் வந்து தான் கண்டதைச் சொன்னார். அத்தான் மினுக்கின வெள்ளைச் சேட்டோடு போய், அமைதியாகப் பதில் சொல்லிவிட்டு வந்தார். மூட்டு இல்லை. அது இல்லாமல் வழக்கு நிற்கவில்லை. அக்கா என்னோடு கதைப்பதை நிறுத்தினாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் தகரம் அடித்து மறைத்தாள். கிணறு அவள் பக்கம் போய்விட்டது. அம்மாவைக் கிளினிக்குக்கு நான் பஸ்ஸில் கூட்டிப்போகிறேன். சீற்றைப் பற்றி அம்மாவுக்குச் சொல்லவில்லை. அந்தக் காரை ஏன் விட்டோம் என்று ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் நின்றுகொண்டு என்னை ஏசுவா. ஏசட்டும்.

அத்தானுக்கு என்மேல் கோபம் இல்லை. இதைத்தான் யாருக்கும் விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை. போன மாதம் நான் ஆரையம்பதியில் பஸ்ஸுக்கு நின்றேன். சுட்டெரிக்கிற வெயில். கார் என் பக்கத்தில் வந்து சத்தமில்லாமல் நின்றது. அத்தான் எட்டி மற்றப் பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறு புள்ள. என்ன வெயிலுக்க நிக்கிறாய்?"

"வேணாம். பஸ் வரும்."

"பஸ் இப்ப எங்க வரப்போகுது? ஏறு, நான் கொண்டுபோய் விடுறன்."

நான் வீதியின் மற்றப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் போகவில்லை. கதவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கில் கை வைத்து, என்னைப் பார்த்து மெல்லக் கேட்டார்.

"என்னோட உனக்கு என்ன கோவம் புள்ள? நான் உனக்கு என்ன செஞ்சன்?"

கண் கலங்கியிருந்தது. அவர் உண்மையாகவே கேட்டார்.